அடிக்கடி விழும் மின்துண்டிப்பான்: காரணம் அறியும் முறை

காப்பார் வட்டாரத் தோட்ட மக்களுக்கு மின்சாரம் எங்கே உற்பத்தியாகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடலோரத்திலுள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அஸீஸ் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். முழுமை பெற்ற நிலையில் அதன் திறன் 2,420 மெகாவாட். இத்துணைப் பெரிய நிலையம் அருகில் இருந்தும், மழை பெய்யும் இரவில் லயத்து வீடு ஒன்று மட்டும் இருண்டு கிடப்பதுண்டு. பக்கத்து வீட்டில் விளக்கு எரியும். நம் வீட்டுப் பெட்டியிலோ துண்டிப்பான் விழுந்து கிடக்கும். தூக்கிவிட்டால் மீண்டும் விழும்.

இந்நிலையில் சிலர் அதன் நெம்பைக் கயிற்றால் கட்டிவைக்கின்றனர். அதனால் பயனில்லை, இக்காலத் துண்டிப்பானின் நெம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அதன் உட்புறம் தானே விடுபட்டுவிடும். வேறு சிலர், கம்பிவேலை தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரை அழைத்து, துண்டிப்பானை விலக்கிவிட்டு நேராக இணைத்துக்கொள்கின்றனர். இதுவே பேராபத்து. விளக்கு எரிகிறது என்பது உண்மைதான். ஆயின், பழுதான சலவை இயந்திரத்தை ஈரக் கையால் தொடும் பிள்ளையைக் காக்க அவ்வீட்டில் ஒன்றும் இல்லை.

பெட்டியில் இருவகைத் துண்டிப்பான்கள் உள்ளன. எது விழுந்தது என்று பார்ப்பதே முதல் வேலை.

வரிசையாக இருக்கும் சிறியவை அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தடுப்பவை. விளக்குகளுக்கு 6 ஆம்பியர், பிளக்குகளுக்கு 20 அல்லது 32 ஆம்பியர் என்று அவற்றின் மேல் எழுதியிருக்கும். நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரு கருவியின் வாட் அளவை இதனால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2,000 வாட் கெத்தல் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி 4 ஆம்பியருக்குச் சற்று மேல். ஒரே பிளக்கில் நீட்டுக்கம்பி போட்டுக் கெத்தல், சோற்றுப்பானை, இஸ்திரிப்பெட்டி மூன்றையும் மாட்டினால், துண்டிப்பான் விழுவதற்கு முன்பே அந்தப் பிளக்கு சூடேறி உருகத் தொடங்கலாம். சில நிமிடங்கள் கழித்து விழுந்தால் சுமை மிகுதி என்று கொள்ளலாம். தூக்கிய அக்கணமே ஓசையுடன் விழுந்தால், இரு கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மற்றொன்று அகலமானது, சோதனைப் பொத்தான் ஒன்றும் அதில் இருக்கும். இது மின்கசிவைக் கண்டு துண்டிப்பது. ஒரு கம்பி வழியே போகும் மின்சாரம் மறு கம்பி வழியே குறையாமல் திரும்புகிறதா என்று இது எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். குறைந்தால், அக்குறை ஈரச் சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். 30 மில்லியாம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு கசிந்தாலே இது விழுந்தாக வேண்டும். 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். ஆகவே, பழைய ஐஸ்பெட்டியும் சலவை இயந்திரமும் தனித்தனியே சிறிது சிறிது கசிந்து, இரண்டும் சேர்ந்து ஓடும்போது மட்டும் விழச் செய்வதும் உண்டு. பல பழைய வீடுகளில் 100 மில்லியாம்பியர் துண்டிப்பான் மட்டுமே இருக்கிறது. தீயைத் தடுக்க அது உதவும். ஆளைக் காக்க அது போதாது. குளியலறை நீர்சூடாக்கிக்கு 10 மில்லியாம்பியர் துண்டிப்பானே ஏற்றது.

கசிவு எங்கே என்று காண்பதற்கு மின்பொறியாளர் தேவையில்லை, பொறுமை போதும். கை உலர்ந்திருக்க வேண்டும்; காலில் சிலிப்பர் இருக்க வேண்டும். பெட்டியில் கருகிய வாடை வந்தாலோ, மழைநீர் இறங்கியிருந்தாலோ அதைத் தொடவே கூடாது.

முதலில் எல்லாச் சிறிய துண்டிப்பான்களையும் இறக்கிவிடுக. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் பிளக்கையும் கழற்றி வைத்திடுக. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பெரும்பாலான சுவிட்சுகள் ஒரு கம்பியையே துண்டிக்கும், மறு கம்பி வழியே கசிவு இருந்துகொண்டே இருக்கும். பிறகு அகலமான துண்டிப்பானை நன்றாகக் கீழே அழுத்தி மேலே தூக்குக. நிற்கவில்லையென்றால் பழுது பெட்டியிலோ சுவர்க்கம்பியிலோ இருக்கிறது. அது வயர்மேன் பார்க்க வேண்டிய வேலை. நின்றால், சிறியவற்றை ஒவ்வொன்றாகத் தூக்குக. எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்தத் தடத்தில்தான் குறை. அதை மட்டும் இறக்கிவிட்டு, மற்றவற்றைக் கொண்டு அன்றிரவைக் கழிக்கலாம். எல்லாம் நின்றுவிட்டால் குறை ஏதோ ஒரு கருவியில் உள்ளது. ஒன்றொன்றாக மாட்டிப் பார்த்தால் அது அகப்பட்டுவிடும். பின்புறத் தாழ்வாரத்தில் சாரல் படும் சலவை இயந்திரமும், கம்பி நைந்த இஸ்திரிப்பெட்டியும் முதலில் ஐயப்படத் தக்கவை. கோயில் திருவிழாவுக்காக லயத்திலிருந்து புல்தரையில் இழுத்த மெல்லிய விளக்குக் கம்பியையும் மறக்க வேண்டாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாட்கள் இடி இடிக்கிறது. இடிமின்னலின்போது ஒருமுறை விழுந்து, தூக்கியதும் நின்றுவிட்டால் அஞ்சவேண்டியதில்லை. இரண்டாம் முறையும் விழுந்தால் மூன்றாம் முறை தூக்காமல், மேற்சொன்னவாறு தேடுவதே முறை. பெரிய மின்கட்டமைப்பும் இவ்வாறே தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் திரெங்கானுவின் பாக்கா மின்நிலையத்தருகே தடத்தில் நேர்ந்த கோளாற்றால் நிலையங்கள் ஒவ்வொன்றாக விலகி, தீபகற்பம் முழுதும் பல மணிநேரம் இருண்டது.

பால்மரம் வெட்டுவோர்க்கு ஒரு செய்தி. முற்காலத்தில் வீட்டு மின்கம்பிகளின் மேலுறை நீங்கள் மங்கில் சேர்க்கும் அதே பாலிலிருந்து செய்யப்பட்டது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய அந்த ரப்பர், பல ஆண்டுச் சூட்டில் காய்ந்து, விரலால் வளைத்தாலே உதிரும். பிளாஸ்டிக் உறை வந்தபின் அது வழக்கொழிந்தது. ஆயினும், மிகப் பழைய லயங்களில் மரச்சட்டத்துள் அத்தகைய கம்பி இன்னும் மறைந்திருந்தால், மழைக்காலந்தோறும் துண்டிப்பான் விழுவதில் வியப்பில்லை. எந்தக் கருவியை மாற்றினாலும் அது தீராது. கம்பியையே மாற்ற வேண்டும்.

அச்செலவு யாருடையது? வேலையாட்களின் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரங்கள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்தில் முதலாளி கொடுக்கும் வீட்டுக்குப் போதிய மின்வசதி தரவும், கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருக்கவும் முதலாளியைக் கடமைப்படுத்துகிறது. எனவே, சுவர்க்கம்பியில் குறை என்று தெரிந்தால் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் சொல்லுங்கள். பிரட்டுக்களத்தில் வாய்ச்சொல்லாகச் சொன்னது கிராணியின் நினைவில் நிற்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். வேலையைச் செய்பவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனாக இருக்க வேண்டும். அவர் வரும்போது காட்டுவதற்கு ஒரு தாளில் நான்கு செய்திகளைக் குறித்து வையுங்கள்: விழுந்த நாளும் நேரமும், மழை பெய்ததா, எந்தத் துண்டிப்பான், அப்போது ஓடிய கருவிகள் எவை. சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்த தேதியையும் அதே தாளில் எழுதலாம். அழுத்தியும் விழாத துண்டிப்பானை உடனே மாற்றச் சொல்லுங்கள்.