காசும் நாணயமும்

நுழையும் முன்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, அரசு முத்திரையிட்டு வெளியிடும் காசு. மற்றொன்று, சொல்லிலும் செயலிலும் தவறாத நேர்மை. ‘அவர் நாணயமானவர்’ என்று பெரியோர் கூறும்போது இரண்டாவது பொருளையே குறிக்கின்றனர். காசு சேர்க்கும் பொழுதுபோக்கில் இவ்விரு பொருள்களும் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன என்பதை இப்பாடத்தில் காண்போம்.

உள்ளங்கையில் ஓர் ஊர்

மாணவர்களே! உங்களிடம் உள்ள ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஓர் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஆண்டிற்குக் கீழே மிகச் சிறிய குறி ஒன்று இருக்கிறதா? புள்ளி இருந்தால் அக்காசு நொய்டாவில் பிறந்தது. சாய்சதுரம் இருந்தால் மும்பையில் பிறந்தது. ஐந்துமுனை விண்மீன் இருந்தால் ஐதராபாத்தில் பிறந்தது. குறி எதுவும் இல்லையெனில் அது கொல்கத்தாவில் பிறந்தது. சில ஆண்டுகளில் வெளிநாடுகளிலும் நம் காசுகள் அச்சிடப்பட்டன. அதனால் வேறு சில குறிகளையும் நீங்கள் காணக்கூடும்.

நாணயம் அச்சிடும் இடத்தை நாணயச்சாலை என்பர். ‘அக்கசாலை’ என்பது அதற்குரிய பழைய தமிழ்ச்சொல். சென்னையிலும் முன்பு ஒரு நாணயச்சாலை இருந்தது. இன்று அது இல்லை. ‘தங்கசாலைத் தெரு’ என்னும் தெருப்பெயரில் அதன் நினைவு நிலைத்துள்ளது.

கொல்கத்தாவில் பிறந்த காசு கோயம்புத்தூரில் செலவாகிறது. ஐதராபாத்தில் பிறந்த காசு தில்லியில் காய்கறிக் கடையில் நம் கைக்கு வருகிறது. பிறந்த ஊர் ஒன்று, வாழும் ஊர் வேறொன்று. நம்முள் பலருடைய குடும்பக் கதையும் அதுவே அன்றோ?

காலம் மாறக் காசும் மாறும்

உங்கள் வீட்டுப் பெரியோர் ஐம்பது காசை ‘எட்டணா’ என்றும், இருபத்தைந்து காசை ‘நாலணா’ என்றும் கூறக் கேட்டிருப்பீர்கள். முற்காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவிற்கு 4 பைசா. ஒரு பைசாவிற்கு 3 பை. எனவே, ஒரு ரூபாய்க்கு 192 பை. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் இம்முறை மாறியது. ஒரு ரூபாய்க்கு 100 காசு என்னும் பதின்ம முறை நடைமுறைக்கு வந்தது. பழைய பைசாவிலிருந்து வேறுபடுத்துவதற்காகப் புதிய காசை ‘நயா பைசா’ என்றனர். 1964இல் ‘நயா’ என்னும் அடைமொழி நீங்கியது. 2011ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியோடு 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாதனவாயின. ஆயினும், ‘நாலணா’ என்னும் சொல் இன்னும் செல்லுபடியாகிறது!

உலோகமும் வரலாறு கூறும். 1939 வரை வெளிவந்த ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 முதல், வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் வெளிவந்தது. அப்போரின் நடுவில், 1943இல், நடுவே வட்டமாகத் துளையிட்ட காலணாவும் வெளியாயிற்று. மக்கள் அதனை ‘ஓட்டைக் காலணா’ என்றனர். உலோகத்தை மிச்சப்படுத்தவே அத்துளை இடப்பட்டது. எங்கோ நடந்த போர், நம் ஊர்ப் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த காசிலும் ஒரு துளையை விட்டுச் சென்றது.

காசைப் படிப்பது எப்படி?

ஒரு காசு கையில் கிடைத்தவுடன் ‘இதன் விலை என்ன?’ என்று கேட்பது பலருடைய வழக்கம். ‘இது என்ன சொல்கிறது?’ என்று கேட்பதே காசு சேர்ப்போரின் முதற்பண்பு. பின்வரும் ஐந்தையும் வரிசையாக நோக்குக.

1. உருவம்: இரு பக்கங்களிலும் உள்ள உருவங்கள் யாவை? ‘பூவா, தலையா?’ என்று விளையாடும்போது நாம் பார்ப்பவை இவ்விரு பக்கங்களையே.
2. எழுத்து: எந்த மொழி? எந்த எழுத்து வடிவம்? முதலாம் இராசராசனின் காசுகளில் அவன் பெயர் நாகரி எழுத்தில் உள்ளது.
3. ஆண்டும் குறியும்: எப்போது, எங்கே அச்சிடப்பட்டது?
4. உலோகம்: நிறம் என்ன? காந்தத்தில் ஒட்டுகிறதா? வெள்ளியும் செம்பும் ஒட்டா. இன்றைய எஃகு நாணயங்களும் 1947ஆம் ஆண்டின் நிக்கல் ரூபாயும் ஒட்டும். ‘வெள்ளி ரூபாய்’ என்று ஒருவர் தரும் காசு காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியன்று.
5. எடை: பழைய வெள்ளி ரூபாயின் எடை ஏறத்தாழ 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. எடை பெரிதும் வேறுபட்டால் ஐயுறுதல் வேண்டும்.

இவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். காசு எங்கே, யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுக. ஊரும் பேரும் அறியாத காசு பாதி ஊமையாகிவிடும்.

ஒரு செப்புக்காசின் பெருமை

‘பெருவழுதி’ என்னும் பெயருடைய பாண்டிய மன்னர்களைச் சங்க இலக்கியத்தால் நாம் அறிவோம். அப்பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் தாங்கிய சிறிய செப்புக்காசு ஒன்றை அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளிப்படுத்தினார். அவர் நாளிதழ் ஆசிரியர்; காசு சேர்ப்பதில் ஆர்வம் கொண்டு, பின்னர் நாணயவியல் அறிஞராகவே விளங்கியவர். அக்காசின் ஒருபுறம் குதிரையும் மறுபுறம் பாண்டியரின் மீன் சின்னமும் உள்ளன. புலவர் பாடிய பெயர் காசிலும் காணப்பட்டதால் இலக்கியத்திற்கு ஒரு சான்று கிடைத்தது.

பொன்னாலான காசு அன்று. பெரிய காசும் அன்று. எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் கைக்கு வந்ததனால் அது பெருமை பெற்றது.

புளி வேண்டா!

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்குவர். பழைய காசுகளையும் அவ்வாறே துலக்கிப் பளபளக்கச் செய்ய நம் கை துடிக்கும். அது பெரும் பிழை. புளியின் அமிலம் காசின் மேற்பரப்பை அரிக்கும். சாம்பலும் தூளும் இட்டுத் தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் விழும். தேய்ந்த எழுத்து மீண்டும் வாராது. காலம் பூசிய நிறத்தை அறிந்தோர் அழுக்கென்று கருதார். துலக்கிய காசுக்கு அவர்களிடம் மதிப்புக் குறைவு.

எனவே, காசைத் தட்டையான பக்கங்களில் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள். கைகள் உலர்ந்திருத்தல் வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையிலிட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நெகிழி உறைகளுள் சிலவகை நாளடைவில் காசின்மேல் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். ஆதலின் அவற்றைத் தவிர்த்தல் நன்று.

சட்டமும் எச்சரிக்கையும்

நிலத்தைத் தோண்டும்போது புதையலாகக் கிடைக்கும் பழங்காசுகள் எடுத்தவருக்கே உரியவை என்று எண்ணுதல் தவறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். புழக்கத்தில் உள்ள நாணயங்களை உருக்குவதும் குற்றமாகும்.

‘உங்கள் பழைய காசுக்குப் பல இலட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்’ என்று சிலர் வலை விரிப்பர். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இவ்வாறு ஏமாற்றுவதை அறிந்து, அவ்வங்கி 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மக்களை எச்சரித்தது. பழங்காசு விற்பனைக்காகத் தான் எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது. காசு வாங்குவதாகச் சொல்லி நம்மிடமே காசு கேட்பவரை நம்பலாகாது. வீட்டுப் பெரியோர் அறியாமல் காசை வாங்கவோ விற்கவோ வேண்டா.

மாற்றிக்கொள்ளும் முறை

ஒரே வகைக் காசு இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்து, நம்மிடம் இல்லாத மற்றொன்றைப் பெறலாம். காசு சேர்ப்போரிடையே நட்பை வளர்ப்பது இப்பழக்கமே. இதில்தான் நம் நாணயமும் சோதிக்கப்படுகிறது. ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்ப்போம்.

நாக்பூரில் எட்டாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் மூன்றாண்டுகளாகக் காசு சேர்த்து வந்தான். தஞ்சாவூரில் 1995இல் நடைபெற்ற உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வெளியான, திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயங்கள் இரண்டு அவனிடம் இருந்தன. அவற்றைக் கண்ட அவன் தோழன், ஒன்றைப் பெற விரும்பினான். மறுநாள் தன் ஆச்சியின் தகரப் பெட்டியிலிருந்து சில பழங்காசுகளைக் கொண்டுவந்தான்.

“இவற்றுள் உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள். எனக்குத் திருவள்ளுவர் நாணயத்தைத் தா” என்றான்.

அக்காசுகளுள் நான்கு ஓட்டைக் காலணாக்களும் ஒரு வெள்ளி ரூபாயும் இருந்தன. ரூபாயில் 1939 என்னும் ஆண்டு தெரிந்தது. அம்மாணவனின் நெஞ்சு படபடத்தது. அவ்வாண்டின் ரூபாய் மிக அரிது என்பதை அவன் படித்திருந்தான். தோழனோ அதனை அறியான். ‘சரி’ என்னும் ஒரே சொல்லில் அந்த ரூபாய் அவனுடையதாகிவிடும்.

அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், “இந்த ரூபாய் மிக அரியது. இது உண்மையானதுதானா என்பதை அறிந்தவர்களிடம் காட்ட வேண்டும். அதற்கு முன், இதை எடுத்துவந்தது ஆச்சிக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

மாலையில் இருவரும் ஆச்சியிடம் சென்றனர். ஆச்சி அந்த ரூபாயைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“நான் திருமணமாகி ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று, என் அம்மா என் முந்தானையில் முடிந்துவிட்ட ரூபாய் அப்பா இது! ‘வழியில் அவசரத்துக்கு வைத்துக்கொள்’ என்றார். செலவழிக்க மனம் வரவில்லை” என்றார்.

ரூபாய் தகரப் பெட்டிக்கே திரும்பியது. ஓர் ஓட்டைக் காலணாவை ஆச்சியே எடுத்து அம்மாணவனிடம் தந்தார். அவன் திருவள்ளுவர் நாணயம் ஒன்றைத் தோழனிடம் தந்தான். அன்றிரவு அவன் தன் குறிப்பேட்டில் காலணாவைப் பற்றி எழுதினான். ‘தோழனின் ஆச்சி தந்தது’ என்பதையும் மறவாமல் எழுதினான்.

அரிய காசு ஒன்று அவன் கைநழுவியது. ஆயினும், அதன் கதை அழியாமல் உரியவரிடமே நின்றது. காசைச் சேர்ப்பவரிடம் நாணயமும் சேர்ந்தால், அதுவே நிறைவான செல்வம்.

சொற்பொருள்

அக்கசாலை – நாணயம் அச்சிடும் இடம்
பொறித்தல் – செதுக்குதல், பதித்தல்
நாணயவியல் – காசுகளைப் பற்றிய ஆய்வுத்துறை
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
முந்தானை – புடவையின் தலைப்பு
சுருக்குப்பை – கயிற்றை இழுத்து மூடும் சிறு துணிப்பை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஐதராபாத்தில் அச்சிடப்பட்ட நாணயத்தை எவ்வாறு அறியலாம்?
2. ஓட்டைக் காலணாவில் துளை இடப்பட்டது ஏன்?
3. பழங்காசுகளைப் புளியிட்டுத் துலக்குதல் ஏன் கூடாது?

ஆ. சிந்தித்து எழுதுக.
1. அம்மாணவன் ‘சரி’ என்று கூறியிருந்தால் யார் யார் எவற்றை இழந்திருப்பர்?
2. ‘நாணயம்’ என்னும் சொல்லை அதன் இரு பொருள்களிலும் அமைத்துத் தனித்தனித் தொடர் எழுதுக.

இ. செயல்பாடு
உங்கள் வீட்டில் உள்ள பத்து நாணயங்களின் ஆண்டையும் குறியையும் பட்டியலிடுக. அவை பிறந்த ஊர்களை இந்திய வரைபடத்தில் குறிக்க. வீட்டுப் பெரியோர் ஒருவரிடம், அவர் நினைவில் நிற்கும் ஒரு காசைப் பற்றிக் கேட்டு, அதனைப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக.