டிசம்பர் சம்பளத்தில் 9,000 ரூபாய் எங்கே போச்சு? லேட் மார்க்கும் செல்போனும் போடும் கணக்கு



ஒரு நாள் என் ஆபீஸுக்கு ஒரு தம்பி பே-ஸ்லிப்போட வந்தார். மாதச் சம்பளம் 36,000 ரூபாய். அந்த டிசம்பர் மாதம் வந்தது 27,000. "சார், டி.டி.எஸ். தப்பா பிடிச்சிட்டாங்களா? நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். டி.டி.எஸ். ஒரு ரூபாய்கூட இல்லை. பே-ஸ்லிப்பின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: எல்.ஓ.பி. 7.5 நாள். அதாவது சம்பளம் இல்லாத லீவு.

"அப்பாவுக்கு ஆபரேஷன் சார். 9 நாள் லீவு போட்டேன். வருஷத்துக்கு 12 நாள் லீவு இருக்கே! நான் அதுவரைக்கும் ரெண்டரை நாள்தான் எடுத்திருந்தேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் மீதி 8 நாளை அவருக்கே தெரியாமல் வேறொன்று சாப்பிட்டுவிட்டது. அதுதான் லேட் மார்க்.

இன்றைய பாடம் இதுதான். நேரத்துக்கு வருவது, வேலை நேரத்தில் போனை ஒதுக்கி வைப்பது இரண்டையும் ஒழுக்கம் பற்றிய அட்வைஸாக நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் மேனேஜர் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார். நான் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

1. லேட் மார்க் எப்படி லீவைச் சாப்பிடுகிறது?

பல கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு. மூன்று முறை லேட்டாக வந்தால் அரை நாள் லீவு கழியும். இந்தத் தம்பியின் கம்பெனியிலும் அதே விதி.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8 மாதம். மாதத்துக்குச் சராசரியாக 6 லேட். மொத்தம் 48 லேட். மூன்றுக்கு அரை நாள் வீதம் 16 அரை நாள், அதாவது 8 முழு நாள்.

12 நாளில் இந்த 8 போச்சு. அவராக எடுத்த 2.5 போச்சு. மீதி ஒன்றரை நாள். தேவைப்பட்டதோ 9 நாள். மாதத்துக்கு 30 நாள் கணக்கில் ஒரு நாள் சம்பளம் 1,200 ரூபாய். 7.5 நாளுக்கு 9,000 ரூபாய்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். அவர் லேட்டே ஆகாமல் இருந்திருந்தால் கையில் 9.5 நாள் இருந்திருக்கும். அப்பாவின் ஆபரேஷனுக்கு எடுத்த 9 நாளும் அதிலேயே முடிந்திருக்கும். ஒரு ரூபாய் குறைந்திருக்காது.

இதில் வலி எங்கே தெரியுமா? 8 மாதமும் சம்பளம் முழுசாக வந்தது. அதனால் எதையோ இழக்கிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி பில் கட்ட வேண்டிய அதே மாதத்தில் மொத்தமாக வந்து இடித்தது. லேட் மார்க் என்பது கிரெடிட் கார்டு மாதிரி. தேய்க்கும்போது ஒன்றும் தெரியாது.

அடுத்து, உங்கள் கம்பெனியில் லேட்டுக்காக எந்த லீவைக் கழிக்கிறார்கள் என்று பாருங்கள். கேஷுவல் லீவா, ஏர்ன்டு லீவா? ஏர்ன்டு லீவு என்றால் அது கிட்டத்தட்ட பணமேதான். பல இடங்களில் வேலையை விடும்போது மீதமுள்ள ஏர்ன்டு லீவைக் காசாகத் தருவார்கள். அப்படி வேலையை விடும்போது வரும் தொகைக்கு, தனியார் ஊழியர்களுக்கு வாழ்நாளில் மொத்தம் 25 லட்சம் ரூபாய் வரை, சில நிபந்தனைகளுடன் வரிவிலக்கு உண்டு. வரியில்லாமல் வரக்கூடிய காசைத்தான் காலை 9:40க்கு கார்டு தேய்த்து விடுகிறோம்.

2. கம்பெனி எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாமா?

பிடிக்க முடியாது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு 2019, கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் சம்பளப் பிடித்தம் பற்றி முக்கியமான சில விஷயங்கள்:

• வேலைக்கு வராத நேரத்துக்காகச் சம்பளத்தில் பிடித்தால், அந்த நேரத்துக்கு ஏற்ற அளவுதான் பிடிக்கலாம். ஒரு மணி நேரம் வரவில்லை என்றால் அந்த ஒரு மணி நேரச் சம்பளம்தான் கணக்கு.

• அபராதம் போடுவதாக இருந்தால், எதற்கெல்லாம் அபராதம் என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். உங்கள் பக்க விளக்கத்தையும் கேட்க வேண்டும்.

• ஒரு மாதத்தின் மொத்த அபராதம் அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஊதியம் என்பது சட்டம் சொல்லும் ஊதியம். எல்லா அலவன்ஸும் அதில் சேராது.

• எல்லாப் பிடித்தமும் சேர்த்து ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

லீவு கணக்கில் கழிப்பது உங்கள் கம்பெனியின் லீவு பாலிசியைப் பொறுத்தது. அதனால் ஹெச்.ஆர். கொடுத்த அந்த பி.டி.எஃப்-ஐத் திறந்து ஒருமுறை படியுங்கள். சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டதோடு சரி, இல்லையா?

3. பே-ஸ்லிப்பில் தெரியாத பெரிய இழப்பு

லீவு போவது சின்னக் கணக்கு. இன்க்ரிமென்ட்தான் பெரிய கணக்கு.

அதே 36,000 ரூபாய் சம்பளம். ஒருவருக்கு 10 சதவீத ஹைக், இன்னொருவருக்கு 7 சதவீதம். முதலாமவருக்கு 39,600. இரண்டாமவருக்கு 38,520. மாதம் 1,080 வித்தியாசம், வருஷத்துக்கு 12,960.

இது ஒரு வருஷத்தோடு முடியாது. அடுத்தடுத்த வருஷங்களில் இருவருக்கும் ஒரே 8 சதவீத ஹைக் வந்தால்கூட, அடிப்படை வேறு என்பதால் இடைவெளி கூடிக்கொண்டே போகும். 5 வருஷத்தில் மொத்தம் சுமார் 76,000 ரூபாய். கூட்டு வட்டி நமக்கு எதிராகவும் வேலை செய்யும்!

"சார், லேட்டா வந்தாலும் நான் வேலையை முடிச்சிடுவேனே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருந்தபோது இதையேதான் சொன்னேன்.

மார்ச் 31, ஒரு கிளையன்ட் குடோனில் ஸ்டாக் எண்ண வேண்டும். 9 மணிக்கு எண்ண ஆரம்பித்த பிறகுதான் சரக்கு வெளியே போகலாம் என்று பேச்சு. நான் போனது 9:25. குடோன்காரர் எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு ஒரு லாரி சரக்கை அனுப்பிவிட்டார். நான் எண்ணியது எதுவும் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. டெலிவரி சலானைத் தேடி எடுத்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு முடிக்கும்போது இரவு 11 மணி. எனக்காக என் சீனியரும் உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்குச் சின்னப் பையனின் பிறந்தநாள்.

அவர் என்னைத் திட்டவே இல்லை. ஆனால் அடுத்த மூன்று மாதம் எந்த முக்கியமான ஆடிட்டுக்கும் என் பெயரைச் சொல்லவில்லை. நம் வேலையை நாம் முடித்துவிடலாம். நமக்காகக் காத்திருந்தவரின் நேரத்தைத் திருப்பித் தர முடியாது. அப்ரைசலில் பேசுவது அந்தக் காத்திருப்புதான்.

4. இனி செல்போன்

வீட்டிலிருந்து வரும் அவசர அழைப்பை எந்த மேனேஜரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிரச்சினை, "சும்மா ஒரு தடவை பார்ப்போம்" என்பதுதான். ஒரு நாளைக்கு 10 தடவை, தடவைக்கு 6 நிமிஷம் என்றால் ஒரு மணி நேரம். மாதம் 22 வேலை நாளுக்கு 22 மணி நேரம். இதற்காக யாரும் சம்பளம் பிடிப்பதில்லை. ஆனால் 6:30க்குக் கிளம்ப வேண்டியவர் 7:30க்குக் கிளம்புகிறார். பஸ்ஸை விட்டு ஆட்டோ, வீட்டுச் சாப்பாட்டை விட்டு ஆர்டர். நீங்களே கட்டுகிற அபராதம் அது.

இதைவிட ஆபத்தான ஒன்று, ஆபீஸ் நேரத்தில் டிரேடிங். மார்க்கெட் நேரம் 9:15 முதல் 3:30. அதுவேதான் உங்கள் வேலை நேரமும். செபியின் ஆய்வுப்படி, 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேரில் 7 பேருக்கு நஷ்டம். எஃப் அண்டு ஓ-வில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். பாத்ரூமில் நின்றுகொண்டு ஆர்டர் போடும் நீங்கள் மீதி 7 சதவீதத்தில் வருவீர்களா?

வரிப் பக்கம் இன்னொரு தலைவலி. இன்ட்ராடே, எஃப் அண்டு ஓ இரண்டும் வணிக வருமானம். சம்பளக்காரர்களுக்கான எளிய ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் அதைக் காட்ட முடியாது. நஷ்டம் வந்தாலும் காட்டியாக வேண்டும். "வேலையில் இருக்கும்போது வேறு தொழில் செய்யக் கூடாது" என்று உங்கள் ஆஃபர் லெட்டரில் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, கம்பெனி ஸ்கிரீனைச் சொந்தப் போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம். அவசரத்துக்குத்தான் என்றாலும் அதில் கஸ்டமரின் பான் எண்ணோ அக்கவுன்ட் நம்பரோ இருந்தால் வேலைக்கே ஆபத்து. சில இடங்களில் போனை லாக்கரில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. ஹெச்.ஆர். போர்ட்டலில் லீவு பேலன்ஸையும் இந்த வருஷ லேட் மார்க்கையும் பாருங்கள். தப்பாக விழுந்திருந்தால் சம்பளம் போடுவதற்கு முன்பே மெயில் அனுப்புங்கள்.

2. 5 நாள் லீவைத் தொடாமல் வையுங்கள். எமர்ஜென்சி ஃபண்டு பணத்தில் மட்டும் இருந்தால் போதாது, லீவிலும் வேண்டும்.

3. லேட்டாகும் என்று தெரிந்தால் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். "சார், ட்ரெயின் கிண்டில நிக்குது. 9:50க்கு வந்துடுவேன். 9:30 மீட்டிங்குக்கான ஃபைலை அனுப்பிட்டேன்." காரணம், வரும் நேரம், மாற்று ஏற்பாடு மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

4. ஆபீஸ் ரிசப்ஷன் நம்பரை வீட்டில் கொடுத்து வையுங்கள். பிறகு போன் பையிலேயே இருக்கட்டும். பார்க்க வேண்டியதை டீ பிரேக்கில் பாருங்கள்.

அந்தத் தம்பி கிளம்பும்போது, "9,000 திரும்ப வருமா சார்?" என்று கேட்டார். "அது வராது தம்பி. ஏப்ரல்ல புதுசா 12 நாள் வரும், அதைப் பத்திரமா பார்த்துக்கோங்க" என்றேன்.

உங்கள் லீவு பேலன்ஸ் எவ்வளவு? லேட்டுக்காகப் போனது எத்தனை நாள்? பார்த்துவிட்டுக் கமென்ட்டில் சொல்லுங்கள். அடுத்த வீடியோவில் பே-ஸ்லிப்பை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கலாம்.