பட்டமரங்களை அழிக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய தேக்கடி ஏரிப் படம் கிடைத்தது. விடியற்காலை மூட்டம், அடுக்கடுக்காக மலை, அசையாத நீர் எல்லாம் அழகாக வந்திருக்கின்றன. பட்டமரங்களை மட்டும் காணோம். ‘கண்ணை உறுத்தின, கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

அந்த மரங்கள் இல்லாவிட்டால் அது ஏதோ ஓர் ஏரி, தேக்கடியின் பெரியாறு ஏரி அல்ல. 1895-இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய அணையில் நீர் தேங்கியபோது, பள்ளத்தாக்கில் நின்ற காடு மூழ்கியது. இலையும் கிளையும் போய், அடிமரங்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன. இந்த நீருக்கு அடியில் ஒரு காடு இருந்ததென்று படகில் போகிறவர்களுக்குச் சொல்பவை அவைதாம்.

அவற்றைப் படிக்கப் பழகு. கோடையில் நீர் இறங்க இறங்க மரம் வளர்ந்ததுபோல் தெரியும். கரையில் மண் வெளிப்பட்டுப் புல் முளைக்கும். ஓடைகள் வற்றிய மார்ச், ஏப்ரலில் யானையும் காட்டுமாடும் மிளாவும் அங்கே இறங்கி வரும். தென்மேற்குப் பருவமழையில் ஏரி ஏறினால் மரங்கள் குட்டையாகிவிடும். காட்டுக்குள்ளேயே தண்ணீர் கிடைப்பதால் விலங்குகள் கரைக்கு வருவதும் குறையும். மரத்தின் உயரமே உன் படத்துக்குப் பருவத்தைச் சொல்லும்.

இனி கைவேலை. படகில் ட்ரைபாட் பயன்படாது. கம்பியில் முழங்கையை ஊன்றினால் இன்ஜின் அதிர்வு படத்தில் இறங்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடி. ஷட்டர் 1/500-க்குக் கீழே போக வேண்டாம். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். வெண்மூட்டத்தைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும், ஒரு ஸ்டாப் வரை கூட்டிவை. போலரைசரை முழுக்கத் திருப்பினால் மினுக்கத்தோடு மரத்தின் பிம்பமும் போய்விடும், பாதியில் நிறுத்து. இரண்டு மரங்கள் ஒன்றையொன்று மறைக்கும்போது அழுத்தாதே. படகு நகர்கிறது, இடையே நீர் தெரியும் கணம் வரும். உன் படத்தில் மரங்கள் உறுத்தியதற்குக் காரணம் அந்தக் கணத்துக்கு நீ காத்திராததுதான்.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் நீர்க்காகமோ பாம்புத்தாராவோ பட்டமரத்தில் வந்து சிறகை விரித்துக் காயவைக்கும். அவற்றுக்கு அந்த மரமே கொடி, அதுவே வீடு. கிட்டே போகச் சொல்லிப் படகுக்காரரை வற்புறுத்தாதே. ஒருமுறை, குட்டியானை தலையைத் தூக்க வேண்டுமென்று நான் கைதட்டினேன். தூக்கியது, படமும் கிடைத்தது. ஆனால் கூட்டம் மொத்தமும் தண்ணீர் குடிக்காமலே காட்டுக்குள் திரும்பிவிட்டது. அந்தப் படத்தை இன்றுவரை நான் யாருக்கும் காட்டியதில்லை. 1978 முதல் பெரியாறு புலிகள் காப்பகம். அங்கே நாம் விருந்தாளிகள். விருந்தாளி வீட்டுக்காரரை விரட்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. நீ கம்பத்துப் பிள்ளை. அந்த ஏரியின் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இறங்கி உங்கள் வயலுக்கு வருகிறது. அந்தக் காடு மூழ்கியதில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவன் நீ. மரங்களை அழிக்கும்போது இது உன் நினைவுக்கு வந்திருக்காது. இனி வரும்.

திருத்தாத மூலப்படத்தை வைத்திருப்பாய். அதை அனுப்பு. எந்த மரத்திலாவது பறவை உட்கார்ந்திருந்ததா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்