இரண்டாவது சாவி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். புளோக்குக்குக் கீழே நீ இரண்டாம் கையாக வாங்கிய வெள்ளை வெசல் ஹைப்ரிட் கார், பக்கத்தில் சாவியை உயர்த்திப் பிடித்தபடி நீ. உன் அம்மா தொலைபேசியில் அரை மணி நேரம் அந்த வண்டியைப் பற்றியே பேசினாள். எனக்கோ உன் முகத்தைவிட உன் கையில்தான் பார்வை போய் நின்றது. ஒரே ஒரு சாவி. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். "கடையில் ஒன்றுதான் கொடுத்தார்கள் மாமா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் எழுதினாய். அந்த 'அப்புறம்' எனக்கு நன்றாகப் பழக்கமான சொல்.

என் பழைய பிரியசும் ஒற்றைச் சாவியோடுதான் வந்தது. ஒரு தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, கேம்பல் லேனில் பூவும் மாவிலையும் வாங்கி, தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் நீந்தி மாடி நிறுத்துமிடத்துக்கு வந்து பையைத் தடவினால் சாவி இல்லை. போன வழியெல்லாம் இரண்டு முறை திரும்ப நடந்தேன். உன் அத்தையும் பிள்ளைகளும் பைகளோடு வண்டியருகே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் டாக்சியில்தான் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் இழுவை வண்டிக்காரரை அழைத்தபோதுதான் உண்மையான தொல்லை தெரிந்தது. மாடி நிறுத்துமிடத்தின் உயரக் கம்பிக்குக் கீழே அவருடைய பெரிய லாரி நுழையாது. பிரியசில் கியரை விடுவிப்பதும் மின்சாரம்தான். சாவி இல்லாமல் 'பி' நிலையிலிருந்து அது அசையாது. முன் சக்கரங்களைச் சிறு தள்ளுவண்டிகளில் தூக்கி வைத்து, அங்குலம் அங்குலமாகச் சரிவில் இறக்கினார்கள். புதுச் சாவி கையில் கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. தீபாவளி முடிந்துபோயிருந்தது.

சாவி தொலைந்ததற்கு இவ்வளவா என்று உனக்குத் தோன்றும். வீட்டுச் சாவி என்றால் மூலையில் செருப்புத் தைக்கும் கடையிலேயே ஐந்து நிமிடத்தில் நகல் எடுத்துவிடலாம். கார்ச் சாவி அப்படியில்லை. பிளாஸ்டிக் கூட்டுக்குள் தனித்தனியாக மூன்று வேலைகள் நடக்கின்றன. ஒன்று, உள்ளே செருகியிருக்கும் உலோகச் சாவி. அது கதவை மட்டும் திறக்கும். இரண்டு, காசு போன்ற பேட்டரியில் ஓடும் ரேடியோ; நீ அருகில் வந்ததும் வண்டியோடு பேசுவது அதுதான். மூன்றாவது, பேட்டரியே தேவைப்படாத ஒரு சில்லு. வண்டி உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்தே அதற்கு உயிர் வருகிறது. வண்டிக்குள் இம்மொபிலைசர் என்றொரு காவலன் இருக்கிறான். அந்தச் சில்லு தன் பட்டியலில் இருந்தால்தான் அவன் வழிவிடுவான். பிரிட்டனில் 1998 முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கினார்கள். திருட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு, சாவியைத் தொலைத்த சொந்தக்காரனையும் திருடனாகவே பார்க்கிறது.

ஆகவே இரண்டாவது சாவி செய்வது என்றால், அந்தப் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்ப்பது. ஏற்கெனவே பட்டியலில் உள்ள சாவி கையில் இருந்தால், காவலனுக்குத் தெரிந்தவரே புதியவரை அழைத்து வந்து அறிமுகம் செய்வதுபோல வேலை சுலபம். கணினிக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகிச் சேர்த்துவிடுவார்கள். ஒரு சாவியும் இல்லையென்றால் அறிமுகம் செய்ய ஆளில்லை. காவலனின் நினைவையே அழித்து எழுத வேண்டும், சில வண்டிகளில் அந்தக் கணினியையே மாற்ற வேண்டும். எனக்கு ஒன்பது நாள் ஆனது அதனால்தான். உன்னிடம் இன்று ஒரு சாவி இருக்கிறது, மாப்பிள்ளை. இந்த வேலைக்கு இதைவிட மலிவான நாள் இனி வராது.

நம் சிங்கப்பூரில் சாவி தொலைந்துபோவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 1990 மே மாதத்திலிருந்து சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் இல்லாமல் இங்கே கார் வாங்க முடியாது. சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான பிரிவிலேயே 106,000 வெள்ளிக்குப் போனது. இவ்வளவு விலை என்பதால் ஒரே வண்டி பத்தாண்டுக்குள் இரண்டு, மூன்று கை மாறுகிறது. நடுவில் வாடகைக்கும் ஓடியிருக்கலாம். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு சாவி யாராவது ஒருவர் மேசை இழுப்பறையில் தங்கிவிடுகிறது. புதுச் சாவி சேர்க்கும்போதே, இதுவரை எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று கருவியில் பார்க்கச் சொல். உன்னிடம் இல்லாதவற்றை அழித்துவிடச் சொல். யாரோ ஒருவரின் இழுப்பறையில் கிடக்கும் சாவிக்கு உன் வண்டி ஏன் பதில் சொல்ல வேண்டும்?

எங்கே போவது என்று கேட்டிருந்தாய். வெசல் 2013 டிசம்பரில் ஜப்பானில் வந்த வண்டி. பல நாடுகளில் அதற்கு எச்ஆர்-வி என்று பெயர். உன்னுடையது ஜப்பானிலிருந்து நேராக இறக்குமதியானதா, இங்குள்ள முகவர் வழி வந்ததா என்று முதலில் பார். இரண்டுக்கும் ரேடியோ அலைவரிசையும் சில்லும் வேறாக இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் சாவி வேலை செய்யாமல் போவது இதனால்தான். வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லி, அதற்கேற்ற சாவியைக் கேள். முகவரிடம் போகலாம், சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் பக்கம் சாவி வேலையையே தொழிலாகச் செய்பவர்களிடமும் போகலாம். ஒழுங்கானவர் என்றால் அடையாள அட்டையையும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் வண்டி உன் பெயரில் இருப்பதையும் காட்டச் சொல்வார். கேட்காதவரிடம் வேலை கொடுக்காதே. நாளை உன் வண்டிக்கு இன்னொருவன் சாவி கேட்டு வந்தாலும் அவர் கேட்கமாட்டார்.

கரௌசல் செயலியில் பழைய ரிமோட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதே. ஒரு வண்டியோடு பழகிய ஸ்மார்ட் சாவியில் பலவும் அந்த வண்டியோடேயே பூட்டிக்கொள்ளும். வெறும் கூட்டை மாற்ற வேண்டுமானால் வாங்கு.

ஹைப்ரிட் வண்டிக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. பெரிய பேட்டரி இருக்கிறதே என்று நாம் நம்பிவிடுகிறோம். கதவுப் பூட்டு, கணினிகள், சாவியோடு பேசும் ஆண்டெனா எல்லாம் ஓடுவது சின்ன 12 வோல்ட் பேட்டரியில். 'ரெடி' விளக்கு எரியும்போதுதான் பெரிய பேட்டரி சின்னதுக்கு ஊட்டும். சாவி சேர்க்கும் வேலை 'ரெடி' வராத நிலையில் நடப்பதால், நேரம் நீண்டால் சின்னது வற்றிவிடும்; பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. சார்ஜரை இணைத்துவிட்டுத் தொடங்கச் சொல். ஜூன் விடுமுறைக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வரும்போது கதவு திறக்கவில்லை என்றால், சாவியைக் குறை சொல்லாதே. பெரும்பாலும் இறந்திருப்பது அந்தச் சின்ன பேட்டரிதான். உள்ளிருக்கும் உலோகச் சாவியை உருவிக் கதவைத் திற.

சாவியின் காசு பேட்டரி மட்டும் தீர்ந்திருந்தால் இன்னும் எளிது. பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைப் பவர் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்து. பேட்டரி கேட்காத அந்தச் சில்லு இதற்குத்தான் இருக்கிறது. இன்று மாலையே ஒரு முறை செய்து பழகு. ஜொகூரில் மழையில் நின்றுகொண்டு கற்க வேண்டிய பாடமில்லை இது.

இன்னொன்று: ஹைப்ரிட் சத்தமில்லாமல் நிற்கும். 'ரெடி'யிலேயே விட்டுவிட்டு சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடாதே. பேட்டரி குறையும்போது எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும்.

சிஓஇ இன்னும் மூன்று வருடம்தானே, அதற்கு இந்தச் செலவா என்று உன் நண்பன் சொன்னதாக எழுதியிருந்தாய். மூன்று வருடத்தில் ஆயிரம் முறை அந்தச் சாவியை எடுப்பாய், வைப்பாய். விற்கும்போது இரண்டு சாவி இருந்தால் வாங்குபவருக்குப் பேரம் பேச ஒரு காரணம் குறையும்.

சனிக்கிழமை காலை நானும் வருகிறேன். இருக்கிற சாவி, அடையாள அட்டை, வண்டிப் பதிவைக் காட்ட சிங்பாஸ் உள்ள கைபேசி, மூன்றையும் எடுத்துக்கொள். விலையையும் உத்தரவாத நாட்களையும் எழுதி வாங்குவோம். கதவு, பின்கதவு, பவர் பொத்தான் என ஒவ்வொன்றையும் புதுச் சாவியால் மட்டும் சோதித்த பிறகே பணம் கொடுப்போம். அதன் உலோகச் சாவியையும் கதவில் போட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெட்டாத சாவியைச் செருகிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

புதுச் சாவியை வண்டிக்குள் வைக்காதே, முதல் சாவியோடு ஒரே வளையத்திலும் மாட்டாதே. உன் அம்மாவிடம் பேசிவிட்டேன். சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
மாமா