உடல் தேறிய பின்னும் மாத்திரை எதற்கு?

எச்.ஐ.வி. கிருமி புகுந்த ஒருவர் மருந்துண்டு, சில மாதங்களில் உடல் தேறி, மீண்டும் பால் வெட்டச் செல்கிறார். பரிசோதனையில் இரத்தத்தில் கிருமி தென்படவில்லை. ஆயினும், மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தலாகாது என்கிறார் மருத்துவர். "இல்லாத கிருமிக்கு மருந்து ஏன்?" என்று தோட்டக் கூட்டமொன்றில் அன்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். எந்தத் தோட்டம் என்று கூறமாட்டோம். கேள்வி நியாயமானது.

நம் உடலின் உயிரணுக்களுள் டி.என்.ஏ. என்னும் இழை உண்டு. உயிரணு செய்ய வேண்டிய வேலைகளெல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. தோட்ட ஆபீசில் கிராணியார் பெரிய பதிவேட்டைப் பார்த்துச் சீட்டு எழுதி அனுப்புவதுபோல, டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்படுகிறது. அச்சீட்டின்படி புரதங்கள் உருவாகின்றன. சீட்டைப் பார்த்துப் பதிவேட்டை எழுதும் வழக்கம் இல்லை என்றே விஞ்ஞானிகள் பலர் கருதியிருந்தனர். 1970ஆம் ஆண்டில் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் என்னும் அமெரிக்கர் இருவர், சில வைரஸ்கள் அதையும் செய்கின்றன என்று தனித்தனியே கண்டறிந்தனர். 1975இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இவ்வாறு தலைகீழாக எழுதுபவையே ரெட்ரோவைரஸ்கள். 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி.யும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இக்கிருமி, நோயை எதிர்க்கும் சி.டி.4 என்னும் வெள்ளணுக்களைப் பற்றி உள்ளே நுழைகிறது. தன் ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுகிறது. பின்னர் நமது டி.என்.ஏ.யை வெட்டி, தான் எழுதியதை அதனிடையே இணைத்துவிடுகிறது. நாற்றுமேடையில் ஒட்டுக் கட்டுவதை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். வேர் ஒரு மரத்தினுடையது. வளரும் கிளையோ வேறொரு மரத்தினுடையது. நாம் நல்ல மொட்டைத் தேர்ந்து ஒட்டுகிறோம். கிருமி தன்னையே ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் அந்த உயிரணு, கிருமியின் எழுத்தையும் தன் எழுத்தென்றே எண்ணி, புதிய கிருமிகளைச் செய்து வெளியே தள்ளுகிறது.

இணைந்த உயிரணுக்களுட் சில எதுவும் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. அவற்றை இரத்தப் பரிசோதனை காட்டாது. மருந்துகள் கிருமி எழுதுவதையும் இணைவதையும் தடுக்கும். முன்பே இணைந்ததைப் பிரித்தெடுக்கமாட்டா. மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களிலேயே உறங்கியவை விழித்துக் கிருமி மீண்டும் பெருகும். மேலும், இக்கிருமி பிழை மலிய எழுதும். மருந்தை விட்டுவிட்டு உண்டால், அம்மருந்துக்கு அடங்காத பிழைப்படியே தப்பிப் பெருகிவிடும்.

கூட்டம் கலைந்த பின் அவ்வன்பர் மீண்டும் வந்து, மனைவிக்குத் தொற்றுமா என்று மெல்லக் கேட்டார். நாள் தவறாது மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத நிலை ஆறு மாதமேனும் நீடித்தால், உடலுறவின் வழியே தொற்றாது என்றோம். மனைவியும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றும், வேறு தோட்டத்திற்கு மாறுவதாயின் கையிருப்பு தீருமுன்பே மருத்துவரிடம் கடிதம் பெற்று, புதிய இடத்துக் கிளினிக்கில் பதிந்துகொள்ள வேண்டும் என்றும் கூறினோம்.