ஷிப்ட் முடியட்டும் என்று இருக்காதீர்கள்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பலரது நோயை முதலில் பார்ப்பவர் மெடிக்கல் ஷாப்காரர்தான். சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் "உடம்பெல்லாம் வலி, ரெண்டு வேளைக்குக் குடுங்கண்ணா" என்பார். பெயர் தெரியாத நாலு மாத்திரைகள் காகித உறையில் வரும். அடுத்த ஷிப்டை ஓட்ட அது போதும், நோய்க்குப் போதாது. இந்த வட்டாரத்து ஆலைகளிலும் லைன் வீடுகளிலும் அடிக்கடி வருகிற, அடிக்கடி தவறாகக் கையாளப்படுகிற நோய்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நெஞ்சு வலி

"கேஸ்தான்" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல் என்று எது வந்தாலும், ஈ.சி.ஜி. எடுத்து, மாரடைப்பு இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை அதை மாரடைப்பாகவே எண்ணுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம்.

செய்ய வேண்டியவை: மெஷினை நிறுத்துங்கள், உட்காருங்கள், 108-ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம்தான் பக்கத்தில் என்றால் தயங்காமல் அங்கே போகலாம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் என மொத்தம் 14 மாத்திரைகளை அங்கேயே முதல் டோஸாகக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

செய்யக்கூடாதவை: சோடா குடித்துப் பார்ப்பது. தானே பைக் ஓட்டிக்கொண்டு போவது. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று வலியோடு வீடு திரும்புவது. ஆரம்பத்தில் அதில் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு. வலி நிற்காவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கண்ணில் தூசு, வெல்டிங் கண்

கிரைண்டிங் செய்யும்போது கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் பக்கத்து மெஷின்காரர் தீக்குச்சியோடு வந்துவிடுவார். நல்ல மனதுதான், ஆனால் கருவிழியில் அந்தக் குச்சி படவே கூடாது.

- சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். போகாவிட்டால் கண் டாக்டரிடம் போங்கள். தூள் நாள்கணக்கில் தங்கினால் கருவிழியில் துருப் படியும்.
- சுத்தியலால் அடிக்கும்போது தெறித்த சில் என்றால் கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ வேண்டாம். அது உள்ளே துளைத்துப் போயிருக்கலாம். கண்மேல் எதுவும் அழுந்தாதபடி மூடி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
- கண்ணாடி போடாமல் வெல்டிங் வெளிச்சம் பட்டால் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், மணல் கொட்டியது போலக் கண் உறுத்தும். ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். உருளைக்கிழங்குத் துண்டு, தாய்ப்பால் எதுவும் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றிக்கொள்வது இவற்றைவிட மோசம். வலி மறையும், கருவிழி ஆறாது.

துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்தவருக்கு அன்று மாலையே குளிர் காய்ச்சல் வரும். புகையால் வருவது அது, பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். பால் குடித்தால் புகை முறிந்துவிடும் என்பதில் உண்மை இல்லை. மாஸ்க்கும் காற்றோட்டமும்தான் தடுக்கும். மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

விடாத இருமல்

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு சிரப் வாங்காதீர்கள், சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். ஒரே அறையில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் ஆறு பேர் படுத்து எழும் இடத்தில், ஒருவருக்கு வந்தால் மற்றவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிரானைட் குவாரியிலும் பாலீஷ் பட்டறையிலும் வேலை பார்த்தவருக்கு, கல் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் வரலாம். அதுவும் இருமல், இளைப்பு, எடை குறைவு என்றுதான் தொடங்கும். எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தோன்றும். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதிகம். ஆகவே என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சட்டப்படி சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய். நஷ்டஈட்டுக்கும் அந்தப் பதிவுதான் ஆதாரம்.

காசநோய் மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள். ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ஊர் திரும்புகிறவர் நிக்ஷய் எண்ணை (காசநோய்ப் பதிவு எண்) கையில் வைத்திருந்தால் அங்கேயும் சிகிச்சை தொடரும்.

பிரஷர், சர்க்கரை

பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆனாலும் 140/90-க்கு மேல் பிரஷர் இருப்பவர் "தலைசுற்றல் இல்லையே" என்று மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார். பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

டீயோ பீடியோ முடித்து அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின் அளக்கச் சொல்லுங்கள். கேட்டிலிருந்து ஓடி வந்த கையோடு எடுத்த அளவை நம்பாதீர்கள். அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சரியாக இருப்பதே மாத்திரையால்தான். முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக்கைத் தினமும் போட்டால் பிரஷர் ஏறும், சிறுநீரகமும் கெடும்.

சர்க்கரைக்கு கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர், ஷிப்ட் மாறும் வாரத்தில் மாத்திரை நேரத்தையும் மாற்றலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், ஓடும் மெஷின் முன்னால் கை நடுங்கி வியர்க்கும். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

காய்ச்சல்

பாராசிட்டமால் போதும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை புரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம். ஊசியும் குளுக்கோஸும் கேட்டு டாக்டரை நெருக்காதீர்கள். காய்ச்சல் விட்ட மறுநாள்தான் டெங்குவில் கவனிக்க வேண்டிய நாள்: கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் இருந்தால் அட்மிட் ஆகுங்கள்.

படர்தாமரை, மூட்டு வலி

படர்தாமரை அரிப்புக்குக் கடைக்காரர் எடுத்துத் தரும் கலவை க்ரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பிறகு பரவும். மூட்டும் முதுகும் நாள்பட்டு இறுகி, பல்லில் பழுப்புக் கறையும் இருந்தால் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான்.

சீட்டும் சம்பளமும்

ஓசூரில் ஒரு டாக்டர், எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு டாக்டர் என்று பார்ப்பவர்கள் இங்கே நிறைய. பார்க்கலாம், ஆனால் எல்லாச் சீட்டும் ஒரே பையில் இருக்கட்டும். பிரித்த மாத்திரை அட்டையை எறியாமல் எடுத்து வாருங்கள்.

"லீவு போட்டால் கூலி போகுமே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், ஈ.எஸ்.ஐ. டாக்டர் தரும் சான்றிதழின் பேரில் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது உண்டு. உங்கள் ஈ.எஸ்.ஐ. எண் என்ன என்று நாளைக்கே கான்ட்ராக்டரிடம் கேளுங்கள்.