சிறிய காருக்கு வேறு எஞ்சின்: எதைத் தேர்ந்தெடுப்பது?



பல ஆண்டுகள் ஓடிய ஒரு சிறிய கார். கூடு உறுதியாக இருக்கிறது. எஞ்சின் மட்டும் தளர்ந்துவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, வலிமை மிக்க வேறோர் எஞ்சினைப் பொருத்தினால் என்ன?

அமெரிக்காவில் கார்ப் பித்துக் கொண்ட இளைஞர்கள் பலர் இந்த வேலையைத் தம் கைகளாலேயே செய்திருக்கிறார்கள். அவர்கள் பெரிதும் விரும்பிய கார்களுள் ஒன்று, ஜப்பானிய ஹோண்டா நிறுவனத்தின் 1992 - 1995 மாதிரி சிவிக். அதன் எடை சுமார் 1000 கிலோகிராம்தான். ஆனால் இம்முயற்சியில் இறங்குவோர் எல்லோரும் கரை சேர்வதில்லை. எஞ்சினை வாங்கியதும் கைப்பணம் தீர்ந்துவிட, கார் கொட்டகையிலேயே நின்றுவிடுவதும் உண்டு. அவர்கள் பார்த்தது குதிரைத்திறன் என்ற ஓர் எண்ணை மட்டுமே. நாம் இரண்டு கணக்குகள் போட்டுப் பார்ப்போம். ஒன்று இயற்பியல் கணக்கு. மற்றொன்று பணக் கணக்கு.

மூன்று எஞ்சின்கள்

சிவிக் டி.எக்ஸ். வகைக் காரில் இருந்த எஞ்சின் ‘டி-15’ வரிசையைச் சேர்ந்தது. அதற்கு மாற்றாக ஹோண்டாவின் ‘பி’ வரிசை எஞ்சின்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். மூன்றுமே நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்கள்.

டி-15: கொள்ளளவு 1493 க.செ.மீ.; உச்சத் திறன் நிமிடத்துக்கு 5900 சுற்றில் 102 குதிரைத்திறன்; உச்சத் திருப்பு விசை 133 நியூட்டன்-மீட்டர்.

பி-16: 1595 க.செ.மீ.; 7600 சுற்றில் 160 குதிரைத்திறன்; 150 நியூட்டன்-மீட்டர்.

பி-18பி (1994 இன்டெக்ரா காரில் வந்தது): 1834 க.செ.மீ.; 6300 சுற்றில் 142 குதிரைத்திறன்; 5200 சுற்றில் 172 நியூட்டன்-மீட்டர்.

ஒரு புதிரைக் கவனித்தீர்களா? பி-16 எஞ்சினுக்குக் குதிரைத்திறன் அதிகம். பி-18பி எஞ்சினுக்குத் திருப்பு விசை அதிகம். இது எப்படி?

நெம்புகோலின் வேலை

இரண்டு எஞ்சின்களிலும் சிலிண்டரின் விட்டம் ஒன்றே: 81 மில்லிமீட்டர். ஆகவே பிஸ்டனின் பரப்பும் ஒன்றே. ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் பி-16இல் 77.4 மி.மீ.; பி-18பியில் 89 மி.மீ. வளைதண்டின் கை நீளம் இதில் பாதி. கை நீண்டால் அதே விசைக்குத் திருப்பு விசை கூடும் என்பது நெம்புகோல் பாடத்தில் நீங்கள் படித்ததுதான்.

89ஐ 77.4ஆல் வகுத்துப் பாருங்கள், 1.15 வரும். 172ஐ 150ஆல் வகுத்துப் பாருங்கள். அதுவும் ஏறத்தாழ 1.15! கை 15 சதவீதம் நீண்டது. திருப்பு விசையும் 15 சதவீதம் உயர்ந்தது.

அப்படியானால் பி-16 எஞ்சினுக்கு 160 குதிரைத்திறன் எங்கிருந்து வந்தது? வேகமான சுழற்சியிலிருந்து. திறன் என்பது திருப்பு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது:

திறன் (வாட்) = திருப்பு விசை × 6.28 × (நிமிடச் சுற்று ÷ 60)

பி-16இல் பிஸ்டன் செல்லும் தூரம் குறைவு. ஆகவே அது மிக வேகமாகச் சுழல முடிகிறது. ‘வி-டெக்’ என்ற அமைப்பு, உயர்ந்த சுற்றில் வால்வுகளை அதிகமாகவும் நீண்ட நேரமும் திறந்து வைத்து எஞ்சினுக்கு மூச்சு முட்டாமல் காக்கிறது. ஹோண்டா இதை 1989இல் இன்டெக்ராவில் அறிமுகப்படுத்தியது.

இப்போது 5200 சுற்றில் இரண்டையும் ஒப்பிடுவோம். பி-18பி தருவது சுமார் 93,700 வாட், அதாவது 125 குதிரைத்திறன். பி-16இன் திருப்பு விசை எந்தச் சுற்றிலும் 150ஐத் தாண்டுவதில்லை. எனவே 5200 சுற்றில் அதனால் 110 குதிரைத்திறனுக்கு மேல் தர இயலாது. நகரத் தெருக்களில் யாரும் 7600 சுற்றில் ஓட்டுவதில்லை. அன்றாடப் பயணத்துக்குக் குறைந்த குதிரைத்திறன் கொண்ட எஞ்சினே வலிமையாகத் தோன்றும்! பந்தயத் தடத்தில் ஓடுபவருக்குத்தான் பி-16 முழுப் பயன் தரும்.

பொருந்துமா?

அடுத்த கேள்வி இது. டி-15, பி-16, பி-18பி ஆகிய மூன்றும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்பவை. ஆகவே கியர் பெட்டியும் காரின் அதே பக்கத்தில் அமையும். 2001இல் வந்த ‘கே’ வரிசை எஞ்சின்களோ கடிகார முள்ளின் திசையில் சுழல்பவை. அவற்றில் 200 குதிரைத்திறன் தருபவையும் உண்டு. ஆனால் எஞ்சினும் கியர் பெட்டியும் இடம் மாறி அமைவதால் தாங்கிகள், அச்சுத் தண்டுகள், கம்பிகள் அனைத்தையும் புதிதாக அமைக்க வேண்டும். செலவும் அதற்கேற்ப ஏறும்.

‘பி’ வரிசையிலும் கவனம் தேவை. 1991 வரை வந்த பி-16இன் கியர் பெட்டியில் கிளட்சை இழுப்பது கம்பிவடம்; 1992 சிவிக்கிலோ எண்ணெய் அழுத்தம். விலை குறைவென்று பழையதை வாங்கினால் இரண்டும் இணையா.

பணக் கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் செலவுத் தலைப்புகள் மாறுவதில்லை. ஒரு தாளில் இவ்வாறு எழுதுங்கள்:

1. எஞ்சினும் அதற்குரிய கியர் பெட்டியும். டி-15இன் கியர் பெட்டி ‘பி’ வரிசையோடு சேராது.
2. தாங்கிகள், அச்சுத் தண்டுகள், கியர் இணைப்புக் கம்பிகள்.
3. எஞ்சினை ஆளும் சிறு கணிப்பொறி. வி-டெக் எஞ்சின் என்றால் கூடுதல் மின்கம்பிகளும் இழுக்க வேண்டும். பி-18பிக்கு இந்த வேலை இல்லை.
4. தேயும் பொருள்கள்: டைமிங் பெல்ட், நீர்ப் பம்பு, எண்ணெய்த் தடுப்பு வளையங்கள், கிளட்ச் தட்டு.
5. பிரேக்கும் டயரும்.
6. தூக்கி இறக்கும் கூலி, அரசுச் சோதனைக் கட்டணம்.
7. எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கீடு.

கையிலுள்ள பணம் 100 பங்கு என்றால், முதல் தலைப்பு 50 பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நான்காம் தலைப்பில் மிச்சம் பிடிக்கவே கூடாது. ‘பி’ எஞ்சின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் திறந்திருக்கும் வால்வை பிஸ்டன் மோதி உடைக்கும். எஞ்சின் வெளியே இருக்கும்போது பெல்ட்டை மாற்றுவது எளிது. உள்ளே சென்றபின் கடினம்.

ஐந்தாம் தலைப்பு உயிர் சம்பந்தப்பட்டது. காரும் ஓட்டுபவரும் சேர்ந்து 1100 கிலோ எனக் கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இயக்க ஆற்றல் சுமார் 4.2 லட்சம் ஜூல். 130 கி.மீ. வேகத்தில் 7.2 லட்சம் ஜூல்! வேகம் 30 சதவீதம்தான் கூடியது. பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றலோ 69 சதவீதம் கூடிவிட்டது. சிவிக் டி.எக்ஸ். காரின் பின் சக்கரங்களில் இருந்தவை டிரம் பிரேக்குகள்; இன்டெக்ராவில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்குகள். எஞ்சினைத் தரும் காரிடமிருந்து பிரேக்கையும் பெறுவதே அறிவுடைமை.

வாங்கும் முன்

பழைய எஞ்சினை எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றுவார்கள். நான்கு அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால், அந்தச் சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்வில் கசிவு எனக் கொள்ளலாம். விலையைப் பேசும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

சட்டத்தையும் கேட்டறிய வேண்டும். கலிபோர்னியா மாநிலத்தில், பொருத்தும் எஞ்சின் காரின் ஆண்டையோ அதற்குப் பிந்திய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதன் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களும் உடன் வர வேண்டும். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது.

இத்தனையும் எழுதிக் கூட்டிய பின் கையிலுள்ள பணம் போதவில்லை என்றால்? பழைய டி-15ஐயே பிரித்து, வளையங்களை மாற்றிச் செப்பனிடலாம். அதற்குப் புதிய தாங்கி வேண்டாம், கம்பி வேண்டாம், கார் மீண்டும் சாலைக்கு வரும். வாங்கும் முன் கணக்குப் போட்டவருக்கே இந்த வழியும் திறந்திருக்கும்.

செய்து பாருங்கள்

1. 81 மி.மீ. விட்டமும் 89 மி.மீ. நகர்வும் கொண்ட நான்கு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு என்ன?
2. ஓர் எஞ்சின் 3000 சுற்றில் 120 நியூட்டன்-மீட்டர் தருகிறது. அதன் திறன் எத்தனை குதிரைத்திறன்? (1 குதிரைத்திறன் = 746 வாட்)
3. வேகம் 60 கி.மீ.யிலிருந்து 90 கி.மீ. ஆனால் இயக்க ஆற்றல் எத்தனை மடங்காகும்?

விடைகள்: 1. சுமார் 1834 க.செ.மீ. 2. சுமார் 50.5. 3. 2.25 மடங்கு.